பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இனம் தெரியாத சக்கரச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பழைய வண்டி என்று சொல்லப்படுவது, தனி சேஸிஸ் மீது பாடி அமர்ந்த, இன்ஜின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும், அதை இட வலச் சக்கரங்களுக்குப் பகிரும் டிஃபரன்ஷியல் முன்னும் பின்னும் கொண்ட, பெரும்பாலும் கழற்றிக் கிரீஸ் வைத்து மறுபடி மாட்டக்கூடிய ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பேரிங்குகள் உள்ள வண்டி. சாதாரணக் காரில் ஒரு சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு சந்தேகங்களுக்கு மேல் எழுவதில்லை. இவ்வகை வண்டியிலோ சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பாகங்கள் மிகுதி என்பதால், சத்தத்தின் மூலத்தைத் தேடுவதும் அந்த அளவுக்குச் சுற்று வழியான வேலையாகிவிடுகிறது.

சக்கரத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்கிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

சக்கர நட்டுகளிலிருந்து. நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். தளர்ந்த நட்டு என்றால் அதுவே சத்தத்தின் காரணமாகவும் இருக்கும், அடுத்த விபத்தின் காரணமாகவும் இருக்கும். தளர்ந்த சக்கரம் மெதுவாகப் போகும்போது ‘லொடக் லொடக்’ என்று அடித்து, வேகம் கூடும்போது அதிர்வாக மாறும். நட்டைச் சுற்றித் துருப்பொடி கோடுபோல் வழிந்திருந்தாலோ, ரிம்மின் துளை வட்டம் மாறி முட்டை வடிவம் கொண்டிருந்தாலோ, அந்தச் சக்கரம் சில காலமாகவே ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது இறுக்கிவிட்டுப் போவது போதாது, ஸ்டட்டுகளையும் ரிம்மையும் மாற்ற வேண்டும்.

அடுத்ததாக டயர் பட்டன்களுக்கு (பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டிகளுக்கு) இடையே கல் சிக்கியிருக்கிறதா, பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டு மறைப்புக்கும் நடுவில் சரளை மாட்டியிருக்கிறதா, சக்கர மூடிக்குள் ஏதேனும் உருளுகிறதா என்று பாருங்கள். இவை சொல்வதற்கே கூச்சமான காரணங்கள்தாம். ஆனால் மண்பாதையில் ஓடி வந்த வண்டியில், காதைக் கிழிக்கும் உலோக உராய்வுச் சத்தம் பெரும்பாலும் அந்தத் தகட்டு மறைப்பில் சிக்கிய கல்லாகவே முடிகிறது. வண்டியைச் சில அடி பின்னோக்கி நகர்த்தினாலேயே சில நேரம் அது விழுந்துவிடும்.

சத்தத்தோடு வண்டியை ஓட்டலாமா?

சீரான முனகலாக இருந்து நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால், சோதனைக்காக அருகில் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அரைக்கும் சத்தம், ஸ்டீயரிங்கில் புதிய ஆட்டம், பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குதல், ஒரு ஹப் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடுதல், ஏ.பி.எஸ். விளக்கு எரிதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஆடும் ஹப்பில் டிஸ்க்கும் சேர்ந்து ஆடுவதால் பிரேக் பேட் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அடுத்த மிதி வெறுமையாக இறங்கும். பேரிங் தேய்மானமே பிரேக் கோளாறாகக் காட்சியளிப்பது இப்படித்தான்.

எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதே தெரியவில்லை. என் காதில் கோளாறா?

இல்லை. சேஸிஸ் ஒரு நீண்ட எஃகுச் சட்டம். ஒரு முனையில் எழும் அதிர்வை அது மறுமுனைவரை கொண்டுபோகும். பாடியைத் தாங்கும் ரப்பர் கட்டைகளில் எது இறுகிப்போயிருக்கிறதோ அந்த வழியாக அதிர்வு உள்ளே ஏறும். ஆகவே இடதுபுறப் பின்சக்கரத்தின் பேரிங் ஓட்டுநரின் காலடியில் முனகுவதும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில், முன்பக்கத்தினுடைய கிராஸ் (சாய்ந்தும் சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டு) பின்னிருக்கைக்கு அடியில் கேட்பதும் வழக்கமானவையே. பக்கத்தில் அமர்ந்தவரும் ஓட்டுநரும் ஆளுக்கொரு சக்கரத்தைக் கை காட்டுவார்கள். இருவரும் நேர்மையாகவே சொல்கிறார்கள்.

இதனால்தான் ‘எங்கே’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘எப்போது’ என்று கேட்க வேண்டும் என்கிறேன். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதைச் செய்தால் மாறுகிறது, எதைச் செய்தாலும் மாறாமல் இருக்கிறது என்பவற்றை எழுதி வைத்தால், இடம் தானாகவே சுருங்கி வரும்.

அந்த ‘எப்போது’ என்பதை எப்படிச் சோதிப்பது?

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலை ஒன்றும், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவரும் தேவை. சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்துக்கு வந்ததும் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியை உருளவிடுங்கள். இன்ஜினை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பிரேக்கின் உதவிவிசையும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். இன்ஜின் வேகம் குறைந்தும் சத்தம் அப்படியே இருந்தால், இன்ஜினும் கிளட்ச்சும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்குகின்றன. கியர்பாக்ஸ் முழுவதுமாக நீங்குவதில்லை, ஏனெனில் அதன் வெளியேற்றுத் தண்டு சக்கரங்களோடு சேர்ந்து அப்போதும் சுழல்கிறது.

பிறகு அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். அழுத்தும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளையிடும் சத்தம், பல்சக்கரங்கள் சுமை ஏற்கும் இடத்திலிருந்து, அதாவது டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் பக்கமிருந்து வருவது. சுமை மாறினாலும் மாறாத சத்தம் பேரிங் அல்லது டயர். அடுத்து பிரேக்கை மெல்லத் தொடுங்கள். அடுத்து சாலையின் அகலத்துக்குள் மெதுவாக இடமும் வலமும் வளைந்து ஓட்டுங்கள். கடைசியாக வழவழப்பான தாரிலிருந்து சொரசொரப்பான பரப்புக்கு மாறுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வளைவில் பிரேக்கும் பிடித்துவிட்டு, எதனால் நின்றது என்று பின்னர் யோசிப்பதில் பயனில்லை.

சத்தத்தை எண்ண முடியும் என்கிறார்களே, எப்படி?

தாளத்தோடு வரும் சத்தமாக இருந்தால் எண்ணலாம். என் அனுபவத்தில், செலவே இல்லாத சோதனைகளுள் இதற்கு இணையானது இல்லை. எடுத்துக்காட்டாக, வெளிவிட்டம் 75 செ.மீ. உள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.36 மீட்டர் கடக்கும். வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், அதாவது நடைவேகத்தில் ஊர்ந்தால், அந்தச் சக்கரம் 10 விநாடியில் சுமார் 6 முறை சுழலும். டிஃபரன்ஷியலின் விகிதம் 4.1 என்றால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே 10 விநாடியில் சுமார் 24 முறை சுழலும். ‘டக்’ என்ற ஓசை 6 முறை கேட்டால் அது சக்கரத்தோடும் ஆக்சில் தண்டோடும் சுற்றும் ஏதோ ஒன்று. 24 முறையோ அதன் இருமடங்கோ கேட்டால் அது ஷாஃப்ட். இருமடங்கு என்பதற்குக் காரணம் உண்டு: சாய்ந்து சுழலும் கிராஸ், ஒரு சுற்றுக்கு இருமுறை விரைந்து இருமுறை தயங்குகிறது.

டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, வெளியே ஒருவர் கூடவே நடந்து வந்தால் கணக்குகூடத் தேவையில்லை. கோடு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வரும்போது ஓசை வருகிறதா என்பதே போதும். கோட்டோடு சேர்ந்து வராமல், ஏறத்தாழ இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளி வரும் கரகரப்பு, பேரிங்கின் உருளைகளைப் பிடித்து வைக்கும் கூட்டுக்குள் ஏதோ உடைந்திருப்பதைக் காட்டும். கூடு சக்கரத்தின் வேகத்தில் பாதியளவில்தான் நகர்கிறது.

வளைவில் திரும்பும்போது சத்தம் கூடுகிறது. எந்தப் பக்கத்துப் பேரிங்?

இடதுபுறம் திரும்பினால் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். ஆகவே இடது வளைவில் கூடி வலது வளைவில் குறையும் முனகல், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்கினுடையது. இந்த விதி பல முறை சரியாக வரும், எப்போதும் வராது. பழைய ஹப்புகளில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூம்பு உருளைப் பேரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருக்கின்றன. பக்கவாட்டு விசை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இரண்டில் ஒன்று அதை ஏற்கும் என்பதால், உள்வளைவுச் சக்கரமும் சில நேரம் பேசும். இதை ஒரு துப்பாகக் கொள்ளுங்கள்; தீர்ப்பாகக் கொண்டு பாகம் வாங்கப் போகாதீர்கள்.

டயர் சத்தமா, பேரிங் சத்தமா என்று பிரிப்பது எப்படி?

சேற்றுக்கான பெரிய பட்டன் டயர்கள் பாதி தேய்ந்த பிறகு எழுப்பும் ரீங்காரம், கெட்டுப்போன பேரிங்கின் ரீங்காரத்தை அச்சாக ஒத்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் ஏமாறும் இடம் இது. சாலைப் பரப்பு மாறியதும் சத்தத்தின் குரல் மாறினால், டயர் மீது சந்தேகம் வலுக்கிறது. பேரிங்குக்குத் தார் என்றும் சிமெண்ட் என்றும் வேறுபாடு தெரியாது.

கையாலும் பார்க்கலாம். உள்ளங்கையை டயரின் பரப்பில் வைத்து, முதலில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிச் செல்லும் கை, மறுதிசையில் ரம்பப் பல்லில் படுவதுபோல் தடுக்கினால், பட்டன்கள் ஒருபுறமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன, அலைன்மென்ட் தவறியிருக்கிறது. ஓரத்தில் சில பட்டன்களுக்கு ஒருமுறை கிண்ணம்போல் குழிந்து தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோனதோ, பேரிங் தளர்ந்ததோ, டயர்களை நெடுநாள் இடம் மாற்றாததோ காரணம். பேரிங் தளர்வு டயரைக் குழித்து, அந்த டயர் பின்னர் தனியாகச் சத்தமிடும் இரட்டைக் கோளாறும் உண்டு. பேரிங்கைச் சரிசெய்த பிறகும் ரீங்காரம் நிற்காததற்கு அது ஒரு காரணம்.

முன்டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. சத்தம் இடம் மாறினாலும் குரல் மாறினாலும் டயர். எதுவும் மாறவில்லை என்றால் டயர் அன்று. திசைக்குறி உள்ள டயர்களை அதே பக்கத்திலேயே முன்பின்னாக மாற்ற வேண்டும்.

முன் ஹப்புகளை விடுவித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அதனால் என்ன தெரியும்?

பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், முன்சக்கர ஹப்பின் நடுவே கையால் திருப்பும் குமிழ் இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே அருமையான சோதனைக் கருவி ஒன்று இருக்கிறது. குமிழை விடுவித்து டூ வீலில் ஓட்டும்போது, முன் ஆக்சில் தண்டுகளும் அவற்றின் மூட்டுகளும் முன் டிஃபரன்ஷியலும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சுழல வேண்டிய கட்டாயமே இல்லை. டயர், பிரேக், ஹப் பேரிங் மட்டுமே சுழல்கின்றன. சத்தம் அப்போதும் இருந்தால் அந்த மூன்றில் ஒன்று, அல்லது பின்பக்கம். சத்தம் நின்றுவிட்டால், ஹப் பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

இதில் நான் ஒருமுறை பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் மணிக்கு 40 கி.மீ. தாண்டியதும் ஒரு முனகல். வளைவில் கூடுவதுபோல் தோன்றியதால் முன்பேரிங் என்று முடிவு கட்டி, இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு இருபுறமும் மாற்றினேன். கையெல்லாம் கிரீஸோடு ஓட்டிப் பார்த்தால், அதே முனகல், அதே 40இல். பிறகுதான் கவனித்தேன்: கடைசியாக மண்பாதைக்குப் போய் வந்ததிலிருந்து, மாதக்கணக்கில், ஹப் குமிழ்கள் பூட்டிய நிலையிலேயே இருந்திருக்கின்றன. இறங்கிப் போய் இரண்டையும் திருப்பினேன். பத்து விநாடி வேலை. முனகல் இல்லை. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஒரு கிராஸ் கிரீஸ் வற்றித் துருப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

முழுமையாகச் சோதிக்க விரும்பினால் நான்கு நிலைகள் உண்டு. ஹப் விடுபட்டு டூ வீலில் இருப்பது முதலாவது. ஹப் பூட்டி டூ வீலில் ஓட்டினால், முன்பக்கப் பாகங்களைச் சக்கரங்களே சுழற்றும். ஹப்பை விடுவித்து ஃபோர் வீல் போட்டால், அதே பாகங்களை டிரான்ஸ்ஃபர் கேஸ் சுமையின்றிச் சுழற்றும். முன்சக்கரங்களோடு இணைப்பு இல்லாததால் இதைத் தார்ச்சாலையிலும் செய்யலாம். இந்த நிலையில் மட்டும் சத்தம் வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகிக்க வேண்டும். சங்கிலியால் இயங்கும் வகையில், நீண்டு தொய்ந்த சங்கிலி உறையில் அடிக்கும். ஹப்பும் பூட்டி ஃபோர் வீலும் போடும் நான்காம் நிலையை இளகிய மண்ணில் மட்டுமே சோதிக்க வேண்டும். கெட்டியான சாலையில் திருப்பும்போது முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருக்க, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் தண்டுகள் முறுக்கேறி, டயர் கிறீச்சிட்டு, இல்லாத கோளாறுக்கெல்லாம் சத்தம் கிளப்பும்.

தானியங்கி ஹப்புகள் பாதி பூட்டிய நிலையில் நின்றுவிட்டால், ராட்டினத்தின் பல்தட்டு போன்ற ‘கிர்ர்’ ஓசை எழும். சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் அவை விடுபடும். விடுபட்டதும் ஓசை நின்றால் ஹப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

என் வண்டியில் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்குகின்றன. ஹப் குமிழ் கிடையாது. என்ன செய்வது?

சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தால், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பூட்டைப் போட்டு, பின்சக்கரங்களின் இழுப்பில் மட்டும் குறைந்த வேகத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். சத்தம் போனால் ஷாஃப்ட்டோ, முன்பக்கத்தில் சுமை ஏற்கும் இடமோ. இணைப்பைக் கணினி கட்டுப்படுத்தும் பிற்கால வண்டிகளில் இதை முயல வேண்டாம். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு முனைகளின் இணைப்புத் தட்டுகளிலும், நடுவில் நழுவும் பல்வரி மூட்டிலும் குறி போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஷாஃப்ட்டுகளில் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பல்வரியில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புதிய அதிர்வு ஒன்று பிறக்கும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் உயிரை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, தரையில் உள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட வேண்டும். இங்கே பழைய வண்டிகளுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றில் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும், ஷாஃப்ட் பிடிபட்டிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒருபுறமும் தரையிலுள்ள சக்கரம் மறுபுறமும் சுழன்றுகொடுக்கும், வண்டி உருண்டுவிடும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் அவ்வண்டிக்குக் கை பிரேக்கே கிடையாது.

பாதுகாப்பாகத் தூக்கியபின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது ஹப் பேரிங்கின் ஆட்டம்; மறையாவிட்டால் சக்கரம் திரும்புவதற்கான மூட்டுகளான கிங் பின்னோ பால் ஜாயிண்ட்டோ. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராட்டின் முனை.

அடுத்தது என் மனத்துக்கு உகந்த சோதனை. முன் ஹப்பை விடுவித்துவிட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையின் விரல் நுனிகளைக் காயில் ஸ்பிரிங் மீது வையுங்கள். நல்ல பேரிங் சுழலும்போது ஸ்பிரிங் ஊமையாக இருக்கும். உருளைத்தடம் பொரிந்துபோன பேரிங் என்றால், காதுக்கு எதுவும் கேட்காத மெதுவான சுழற்சியிலும், மணல் தாளைத் துணிக்கு அடியில் வைத்து இழுப்பதுபோன்ற ஒரு நடுக்கம் விரலில் ஏறும். ஸ்பிரிங் கம்பி அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கிறது. சுழலும் சக்கரத்துக்குள்ளோ பிரேக் பாகங்களுக்கிடையிலோ விரல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் இது எடுபடாது. அங்கே நீண்ட திருப்புளியின் நுனியை ஆக்சில் முனையில், சுழலாத பகுதியில் வைத்து, பிடியைக் காதோரம் அணைத்துக் கேட்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் எல்லாப் பேரிங்கும் கெட்டதாகத்தான் தோன்றும்.

ஓட்டி வந்தவுடன் ஹப்புகளின் சூட்டை ஒப்பிடுவதும் உதவும். 15 அல்லது 20 கி.மீ. ஓட்டி, இறுதியில் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் வண்டியை நிற்கவிட்டு, இடமும் வலமும் பாருங்கள். இளஞ்சூடு இயல்பானது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாக அதிகம் என்றால் பேரிங் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் விடுபடாமல் உரசுகிறது.

பிரேக்கை லேசாகத் தொட்டால் சத்தம் நின்றுவிடுகிறது. அப்படியானால்?

சத்தம் பெரும்பாலும் பிரேக்கில்தான். டிஸ்க் வகையில் பேட்களைப் பிடித்து வைக்கும் மெல்லிய கம்பிச்சுருள்கள் தொலைந்திருக்கும், அல்லது பேட் தேய்ந்து அதன் எச்சரிக்கைத் தகடு உரசும். டிரம் வகையில் ஷூவைப் பின்தகட்டோடு பிடிக்கும் ஸ்பிரிங் கழன்றிருக்கலாம். டிரம் வட்டம் மாறியிருந்தால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘உஷ்’ என்று உரசும். தொட்டால் சத்தம் கூடுகிறது என்றால் லைனிங் முடிந்து இரும்போடு இரும்பு மோதுகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது ‘டக் டக்’ என்கிறது.

முன் ஆக்சிலின் சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பிய நிலையிலும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு. ஒடித்த நிலையில், ஃபோர் வீலில், இளகிய தரையில், மெதுவாக இழுக்கவிட்டால் தெளிவாகக் கேட்கும். உள்ளே உருளும் குண்டுகள் தங்கள் பள்ளங்களில் தடம் பதித்துவிட்டன. உறை கிழிந்து கிரீஸ் போனதால் தேய்ந்ததா என்று ரப்பர் மூடியைப் பாருங்கள். உருண்டை உறைக்குள் ஜாயிண்ட் அமைந்த பழைய முன் ஆக்சில்களில் ரப்பர் மூடி இருக்காது. அங்கே உள் ஆயில் சீல் கெட்டால், டிஃபரன்ஷியல் ஆயில் கசிந்து கிரீஸோடு கலந்து, கறுத்த கூழாகச் சக்கரத்தின் உட்புறம் வழியும். அந்தக் கூழைக் கண்டால் ஜாயிண்ட்டோடு பேரிங்கையும் பிரேக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முன்னோக்கி ஓடும்போது பள்ளத்தின் ஒரு பக்கம்தான் அதிகம் தேய்கிறது என்பதால், இட வலப் பாகங்கள் ஒன்றுபோல் உள்ள வண்டிகளில் ஜாயிண்ட்டுகளைப் பக்கம் மாற்றிப் போட்டுச் சில காலம் ஓட்டும் பழைய உத்தி ஒன்று உண்டு. நானும் செய்திருக்கிறேன். நீண்ட மண்பாதைப் பயணத்துக்கு அதை நம்பிப் போகமாட்டேன்.

கியர் போட்டு நகரும்போது ஒரே ஒரு ‘டொங்’ மட்டும்?

பழைய வண்டியில் பல்சக்கர இடைவெளிகள் கூடிக் கூடி ஓரளவு ‘டொங்’ இருக்கவே செய்யும். அது புதிதாகவோ பெரிதாகவோ ஆகியிருந்தால், கட்டை போட்ட வண்டிக்கு அடியில் படுத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முன்பின் திருகுங்கள். கிராஸின் கிண்ணங்களில் அசைவு கண்ணுக்குத் தெரிந்தால் அதை மாற்ற வேண்டும். நகரத் தொடங்கும்போது சிட்டுக்குருவிபோல் ‘கீச் கீச்’ என்று தாளத்தோடு கேட்பதும் இதே கிராஸ், கிரீஸ் வற்றிய நிலையில். ஆக்சில் தண்டின் முனையை ஹப்போடு இணைக்கும் தட்டின் பல்வரி தேய்ந்திருந்தாலும் ‘டொங்’ வரும். ஹப்பின் நடுமூடியைக் கழற்றி, தண்டும் தட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நழுவுகின்றன என்று நேரிலேயே பார்த்துவிடலாம். மேடுபள்ளத்தில் மட்டும் கேட்கும் ‘டொங்’ சஸ்பென்ஷன் புஷ்களுடையது.

பேரிங்கைக் கழற்றியாயிற்று. கெட்டதா நல்லதா என்று எப்படி அறிவது?

முதலில் கழற்றும்போதே ஹப் நட்டைக் கவனியுங்கள். டொயோட்டாவின் பழைய முன் ஆக்சில்களுக்கு 54 மி.மீ., லேண்ட் ரோவருக்கு 52 மி.மீ. சாக்கெட் என்று இதற்கெனவே தனிக் கருவி உண்டு. நட்டின் விளிம்பில் உளி பட்ட தழும்புகள் இருந்தால், முன்பு யாரோ கருவியில்லாமல் சுத்தியலால் இறுக்கியிருக்கிறார்கள். அப்படியானால் இறுக்கம் சரியாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த உருளைகளையும் வெளிவளையத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காற்றழுத்தத்தால் உலர்த்தும்போது பேரிங்கைச் சுழலவிடக் கூடாது. தடத்தில் செதில் உதிர்ந்த பள்ளம் இருந்தால் அது களைத்துப்போன பேரிங். நீல, பழுப்பு நிறமேறியிருந்தால் கிரீஸ் இல்லாமலோ மிகையாக இறுக்கப்பட்டோ வெந்திருக்கிறது. உருளைகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் கறைக்கோடுகள் இருந்தால், தண்ணீர் புகுந்து வண்டி நின்றிருக்கிறது. ஓடி ஓடிச் சூடான ஹப் ஆற்று நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சீலின் விளிம்பு வழியாக நீரை உறிஞ்சும். ஆழமான நீரைக் கடந்த பின் ஹப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். கிரீஸ் பால்போல் வெளுத்திருப்பது அதன் முதல் அடையாளம்.

உள் உருளைத் தொகுதியை மட்டும் மாற்றி, பழைய வெளிவளையத்தை ஹப்பிலேயே விட்டுவைக்கும் சிக்கனம் கூடாது. இரண்டும் ஒரே தொகுதி. கிரீஸ் வகைகளையும் கலக்காதீர்கள். களிமண் அடிப்படையிலானதும் லித்தியம் அடிப்படையிலானதும் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும்.

மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி உருளைகளை அமரவைத்து, தளர்த்தி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். சில வண்டிகளுக்குச் சிறு இடைவெளி விட வேண்டும், சிலவற்றுக்குச் சிறு முன்னழுத்தம் (இடைவெளியின்றிச் சற்று அழுத்தி வைப்பது) தர வேண்டும். முன்னழுத்தத்தைச் சக்கர ஸ்டட்டில் மாட்டிய வில்தராசால் இழுத்து அளப்பார்கள். ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்துவது பேரிங்கைக் கொல்லும் வழி. பூட்டு நட்டை இறுக்கும்போது உள்நட்டும் சற்று நகர்ந்துவிடும் என்பதால், பூட்டிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். சிறிது தூரம் ஓட்டிய பின் இன்னொரு முறையும் ஆட்டிப் பாருங்கள்.

வண்டி சில மாதம் ஓடாமல் நின்றது. எடுத்தவுடன் சத்தம்.

முதல் சில கிலோமீட்டருக்கு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். டிஸ்க்கிலும் டிரம்மிலும் படிந்த துரு, சில முறை பிரேக் பிடித்ததும் தேய்ந்துவிடும். டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகி எழுப்பும் ‘தட தட’, டயர் சூடானதும் பெரும்பாலும் தணியும். 20 கி.மீ. ஓடிய பிறகும் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் உரசலும் இருந்தால், டிரம்மில் ஒட்டிக்கொண்ட ஷூவையோ, இறுகிப்போன கை பிரேக் கேபிளையோ பாருங்கள். சூடு இல்லாமல் முனகல் மட்டும் நிலைத்திருந்தால், ஹப்பைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பார்க்க வேண்டியதுதான்.